கப்சகாயில் ரௌஷான் எப்படி ஆடினாள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. தௌலெத்தின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து அல்மாட்டியிலிருந்து கப்சகாய்க்குப் போனேன். போகும்போது வெறுங்கை, வரும்போது கதை. இப்படிச் சும்மா வந்த ஒன்றை எழுதி முடிக்க இரண்டு குளிர்காலம் ஆகிறது என்றால் தப்பு என்னுடையது அல்ல. கதாநாயகியுடையது.

கதாநாயகி என் மாடிக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். தமிழ் தெரியாது. ஆனால் கைபேசி வைத்திருக்கிறாள். நான் எழுதுவதை அது அவளுக்கு ரஷ்ய மொழியில் ஒப்பிக்கிறது. முதல் வரைவைக் கேட்டுவிட்டு நேரே இறங்கி வந்தாள்.

"தௌலெத் என் கையை மடக்கினான்னு எழுதியிருக்கியாமே? அவன் என்னிக்கு என் கையை முறுக்கினான்?"

"அது சீட்டாட்டக் கை, ரௌஷான். கையில இருக்கிற சீட்டு."

"அப்ப சீட்டுன்னு எழுது. என் புருஷனை அடிதடிக்காரன் ஆக்காதே."

ஆகவே இந்தக் கதையில் கை என்றால் தோளிலிருந்து தொங்குவது மட்டும்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் வைத்திருந்த தொடக்கம் இது: "உறைந்த ஏரியின் கரையில் விதி தன் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தது, அதன் முன்னால் ஒரு பெண்—"

"விதி எங்க வந்துச்சு? சீட்டைக் கலைச்சது நீலச் சட்டை போட்ட ஒரு பொண்ணு. சளி பிடிச்சிருந்துச்சு அதுக்கு."

இரண்டாவது தொடக்கம்: "நாற்பத்தொன்பது வயதில் முதன்முறையாக ரௌஷான்—"

"வயசை எடு."

எடுத்துவிட்டேன். (எடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிகிறது. கைபேசி அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் சரியாகப் படிப்பதில்லை. நாம் பேசிக்கொள்ள வேண்டியதை இங்கே பேசிக்கொள்வோம்.)

2

சரி, ஒழுங்காகவே சொல்கிறேன்.

ரௌஷான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வாலிபால் நடுவரும்கூட. ஏணி நாற்காலியின் மேல் உட்கார்ந்து விசில் ஊதுபவள். முகத்தில் எதுவும் தெரியாது. அவள் கணவன் தௌலெத் அதற்கு நேர்மாறு. கல்யாண விருந்துகளில் ஒலிபெருக்கியைப் பிடித்து, யார் யாரை வாழ்த்த வேண்டும், எப்போது எழுந்து ஆட வேண்டும் என்று முந்நூறு பேரை ஆட்டிவைப்பதுதான் அவன் பிழைப்பு. கல்யாணம் இல்லாத நாட்களில் அந்தப் பேச்செல்லாம் வீட்டுக்கு வந்துவிடும்.

சனிக்கிழமைகளில் அவர்கள் சமையலறையில் போக்கர் ஆடுவோம். பல் மருத்துவர் அர்கதி லிகாய் கேரட் சாலட் எடுத்துக்கொண்டு வருவார். இன்னும் இரண்டு பேர் உண்டு, அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு டப்பாவில் பணம் சேர்த்தோம். கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பவர் அந்தப் பணத்தில் ஏரிக்கரைச் சூதாட்ட ஊரான கப்சகாய்க்குப் போய் நிஜமான போட்டியில் ஆட வேண்டும் என்று ஏற்பாடு. போகப்போவது தௌலெத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். தௌலெத் கோட்டுகூட வாங்கிவிட்டான்.

ஜெயித்தது ரௌஷான்.

அந்த நிமிடத்திலிருந்து அவள் எப்படி ஆட வேண்டும் என்பது ஊர்ப்பொதுக் காரியம் ஆகிவிட்டது. டப்பாவில் எல்லோருடைய பணமும் இருக்கிறதே.

"ஒட்டகம் மாதிரி ஆடணும், ஜானிம்," என்றான் தௌலெத். கொஞ்சலாகக் கூப்பிடும்போது உபதேசம் வருகிறது என்று அர்த்தம். "ஒட்டகம் என்ன பண்ணும்? கண்டதுல வாய் வைக்காது. கிடைச்சப்ப குடிக்கும், மத்த நேரம் சும்மா நடக்கும். நல்ல சீட்டு வர்ற வரைக்கும் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை விட்டுக்கிட்டே இரு. முதல் போட்டிக்குப் போறவங்க எல்லாம் அவசரப்பட்டுத்தான் செத்துப்போறாங்க."

லிகாய் வாயில் கேரட்டோடு தலையாட்டினார், இல்லை என்று. "ஒட்டகத்தைப் பார்த்தா யாருக்குப் பயம்? ஓநாய் மாதிரி ஆடணும்மா. பந்தயத்தை ஏத்து, ஏத்து, மூச்சு விடவிடாம ஏத்து. பின்னல் ஸ்வெட்டர் போட்ட ஒரு டீச்சரம்மா புருடா விடுவாங்கன்னு எவனாவது நினைப்பானா?"

"உங்க பேச்சைக் கேட்டு அவ முதல் அரைமணியில வெளிய வருவா."

"உன் பேச்சைக் கேட்டா கடைசி அரைமணியில வெளிய வருவா. ரெண்டும் வெளியதான்."

ரௌஷான் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நான் இங்கதான் இருக்கேன்," என்றாள்.

யாரும் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அப்போது பாம்பு மாதிரி ஆடுவது பற்றி ஒரு யோசனை வைத்திருந்தேன்.

3

தௌலெத் தன் சொந்தப் பணத்தில் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டான் என்பது காரில்தான் தெரிந்தது.

"துணைக்குத்தான்," என்றான். "நீ ஒண்டியா இருப்பியே."

ரௌஷான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவன் ஒட்டகப் பாடம் நடத்தினான். எந்தச் சீட்டோடு நுழையலாம், எதைத் தொடவே கூடாது. நடுநடுவே லிகாய் கைபேசியில் குரல் செய்தி அனுப்பினார். யாருடைய வாயிலோ துளைபோடும் சத்தம் பின்னணியில்: "ஏத்தும்மா! யோசிக்காதே, ஏத்து!"

இந்த இடத்தில் ஒரு கதாசிரியன் என்ன செய்வான்? நாயகியின் மனத்துக்குள் புகுவான். நான் புகுந்தேன். "ஒட்டகமா ஓநாயா என்ற கேள்வி அவளுக்குள் இருபது ஆண்டுத் தாம்பத்தியத்தின் கேள்வியாக—" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் போனேன். நல்ல பக்கம்.

கைபேசி ஒப்பித்ததைக் கேட்டுவிட்டு ரௌஷான் சொன்னாள்: "நான் அடுப்பை அணைச்சேனான்னு யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

"கடைசியில எதைத்தான் தேர்ந்தெடுத்தே? அதையாவது சொல்லு. கதையே அதுதான்."

"எதையும் தேர்ந்தெடுக்கல. ரெண்டு பேருக்கும் சரி சரின்னு சொன்னேன். இல்லேன்னா நிறுத்த மாட்டாங்களே."

4

நண்பகலில் ஆட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. எதுவுமே நடக்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு பெண் சீட்டைக் கவிழ்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு வரும். ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள். கவிழ்ப்பாள். ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு குர்ட் உருண்டையை எடுத்து வாயில் போடுவாள். காய்ந்த தயிர்க்கட்டி என்பதால் கரைய நேரமாகும். அது கரைவதற்குள் இன்னும் நாலு முறை கவிழ்த்துவிடுவாள். இதை வைத்து எந்த மகானுபாவன் கதை எழுதுவான்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெக்சாத் என்ற இளைஞனுக்கு உப்பு வாசனையில் ஆசை தாங்கவில்லை. காதில் இசை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஏத்துவது ஒன்றையே பிறவிப் பயனாக வைத்திருந்தவன்.

"தாத்தே, எனக்கு ஒண்ணு தரீங்களா?"*

"கையைக் கழுவினியா?"

கழுவிவிட்டு வந்தான். கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் நுழைந்த ஆட்டங்களில் அவன் நுழையவில்லை. இதை ஒரு தந்திரமாக எழுதலாமா என்று கேட்டேன். பந்தயச் சில்லுகளைத் தொட்ட கையால் சாப்பிட்டால் வயிறு கெடும் என்றாள்.

(* தமிழ்க் காதுக்குத் தாத்தா போல ஒலிக்கும். அக்கா என்று பொருள். முதல் வருடம் நான் இதில் அவமானப்பட்டிருக்கிறேன்.)

இடைவேளையில் தௌலெத் ஓடிவந்தான். வேறு மேசையில் அவனுக்குச் சீட்டு நன்றாக விழுந்திருந்தது. "பார்த்தியா? ஒட்டகம்! நான் சொன்ன மாதிரியே ஆடுறா!" என்று என் முதுகில் அடித்தான்.

"நல்ல சீட்டே வரலை," என்றாள் ரௌஷான்.

5

ஆட்கள் விழ விழ மேசைகளைக் குறைத்தார்கள். சாயங்காலத்துக்கு முன்னால், முதலில் ஜெயித்ததில் பெரும்பகுதியைத் தோற்றுவிட்டிருந்த தௌலெத்தைக் கொண்டுவந்து ரௌஷானுக்கு நேரெதிரே உட்கார வைத்தார்கள். வேண்டுமென்றே அல்ல. குலுக்கலில் விழுந்த இடம் அது. நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு வசதியாக எழுத வெட்கப்பட்டிருப்பேன்.

கொஞ்ச நேரத்திலேயே அவன் என்ன செய்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ரௌஷான் எப்போதெல்லாம் பணம் போட்டாளோ அப்போதெல்லாம் அவன் மேலே ஏத்தினான். அவள் கவிழ்த்தாள். மறுபடி ஏத்தினான். மறுபடி கவிழ்த்தாள். கவிழ்க்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தானே. மனைவியின் சில்லுகள் ஒவ்வொரு அடுக்காக மேசையைக் கடந்து அவன் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எரிச்சல். கதவு திறந்திருந்தால் உள்ளே வருகிறவன் மாதிரி சாதாரணமாக ஆடினான்.

பெக்சாத்துக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, உங்க வீட்டுக்காரம்மாதானே அவங்க?"

"மேசையில புருஷன் பொண்டாட்டி கிடையாது, தம்பி."

அடுத்து நடுவில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள் விழுந்தன. ஒரு ராஜா, இரண்டு ஒன்பது, ஒரு நாலு. கடைசியாக ஒரு ரெண்டு. ரௌஷானிடம் இருந்தது ஒரு ஜோடி ஆறு. தௌலெத்திடம் ஒரு ராஜாவோ ஒரு ஒன்பதோ ஆறைவிடப் பெரிய ஜோடியோ இருந்தால் அவள் கதை முடிந்தது. இல்லையென்றால் பெரும்பாலும் அவளுடையதுதான் பெரிது.

தௌலெத் தன் சில்லுகள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் முன்னால் தள்ளினான். "ஆல்-இன்."

தோற்றால் அவளிடம் ஒரு பிடி சில்லுதான் மிஞ்சும். ஜெயித்தால் அவன் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"கவிழ்த்துடு, ஜானிம்," என்றான் தௌலெத். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உன்கிட்ட என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். சின்ன ஜோடி. எட்டோ ஏழோ. அதை வச்சுக்கிட்டு இங்க நிக்க முடியாது. நல்ல சீட்டு வரும், அப்ப வா."

ரௌஷான் அவனைப் பார்த்தாள். சீட்டைப் பார்க்கவில்லை, சில்லைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். வாயிலிருந்த குர்ட்டைக்கூட அசைக்கவில்லை. நீண்ட நேரம். சீட்டுப் போடும் சளி பிடித்த பெண் மூக்கை உறிஞ்சினாள். யாரோ நேரம் குறிக்கச் சொன்னார்கள்.

"பார்க்கலாம்," என்று சில்லைத் தள்ளினாள் ரௌஷான்.

தௌலெத் சீட்டைத் திருப்பவில்லை. சீட்டுப் போடும் பெண் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் திருப்பினான். ஒரு ராணி, ஒரு ஜாக். ஒன்றுக்கும் உதவாது. வெறும் புருடா.

மேசை முழுக்க ஊ என்று கத்தியது. அப்போது ரௌஷானின் இரண்டு முன்கைகளும் தானாக மேலே எழுந்தன, உள்ளங்கை தன் பக்கம் பார்த்தபடி. வாலிபாலில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் நடுவர் காட்டும் சைகை. அவுட்.

("நான் அப்படிக் காட்டவே இல்லை. அதை எடு." காட்டினாள். நான் பார்த்தேன். பெக்சாத்தும் பார்த்தான். எடுக்கமாட்டேன்.)

6

இப்போது கதையின் நடுமுள்ளுக்கு வருகிறேன். அதுதான் என் தொண்டையில் சிக்கியிருக்கிறது.

அவளுக்கு எப்படித் தெரிந்தது?

இது தெரியாமல் கதை நிற்காது. ஆகவே நானே எழுதிப் பார்த்தேன். முதல் வரைவில், பொய் சொல்லும்போது தௌலெத்தின் இடது புருவம் தூக்கும் என்று வைத்தேன்.

"அவனுக்கு ரெண்டு புருவமும் எப்பவும் தூக்கித்தான் இருக்கும்," என்றாள் ரௌஷான்.

அடுத்த வரைவில், பொய்யென்றால் ஜானிம் என்று கூப்பிடுவான் என்று வைத்தேன்.

"அப்படின்னா இருபது வருசமா எல்லாமே பொய்யா? அறிவிருக்கா உனக்கு?"

மூன்றாவதில் மோதிரத்தை உருட்டினான். மோதிரம் விரலுக்குப் பத்தாமல் போய் வருடக்கணக்காக அலமாரியில் கிடக்கிறது என்றாள்.

"நீயே சொல்லிடேன் தாயே. கெஞ்சிக் கேட்கிறேன்."

"சொன்னா எழுதிடுவே."

"எழுதினா என்ன? தமிழ்ல எழுதப்போறேன். தௌலெத்துக்குத் தமிழ் எங்க தெரியும்?"

கைபேசியை எடுத்து என் மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டினாள்.

7

வெளியேறிய தௌலெத் வெளியே போகவில்லை. கயிற்றருகே என் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு நிமிடம் வாய் திறக்கவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பயமான நிமிடம் என்று தெரியும். பிறகு தொடங்கினான், மனைவிக்கு யோசனை சொல்ல. முதலில் முணுமுணுப்பாக. அப்புறம் சைகையில். கவிழ், ஏத்து, பொறு. சத்தம் இல்லாமல் முந்நூறு பேர் கல்யாணத்தை நடத்துகிறவன் மாதிரி இருந்தது.

"தௌலெத், போட்டியில அது கூடாதுப்பா."

"நான் சும்மா நிக்கிறேன்."

ரௌஷான் திரும்பிப் பார்த்தாள். இரண்டு அட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதுபோல வெறும் கையை உயர்த்தி, மறுகையால் கதவைக் காட்டினாள். இந்தச் சைகையை அவள் மறுக்கவில்லை. அவள் ஊரில் எத்தனையோ பயிற்சியாளர்களை இப்படி மைதானத்தை விட்டு அனுப்பியிருக்கிறாள். போட்டியின் மேற்பார்வையாளர் வந்து தௌலெத்திடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் புதுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனான். வெளியே ஏரிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ரௌஷான் ஆடியது ஒட்டகமா ஓநாயா? எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. சில சமயம் ஏத்தினாள், சில சமயம் கவிழ்த்தாள். எதிராளி என்ன செய்கிறான் என்று முதலில் பார்த்தாள், பிறகு செய்தாள். அதற்கு மிருகப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. அவளிடம் கேட்டால், "பசிச்சுது, சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன்," என்கிறாள்.

8

ஜெயிக்க வைத்து ஒரு முடிவு எழுதிவைத்திருக்கிறேன். கைதட்டல், கோப்பை, லிகாய் தொலைபேசியில் அழுகிறார். படிக்க நன்றாகவே இருக்கிறது. வேண்டுபவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு அதை வைத்துக்கொள்ளலாம்.

நடந்தது வேறு. பரிசுக்கு இன்னும் இரண்டே பேர் விழ வேண்டும் என்ற நிலையில் ரௌஷானுக்கு ஆஸும் ராஜாவும் வந்தன. நல்ல சீட்டு. எல்லாவற்றையும் வைத்தாள். பெக்சாத்திடம் ஒரு ஜோடி ஒன்பது. பூவா தலையா போடுவதுபோல. நடுவில் விழுந்த ஐந்தில் ஒரு ஆஸும் இல்லை, ஒரு ராஜாவும் இல்லை. முடிந்தது.

எனக்கு வந்த கோபம்! இத்தனை பேர் இத்தனை நாள் எப்படி ஆட வேண்டும் என்று அடித்துக்கொண்டோம். கடைசியில் அவள் எந்த ஆட்டம் ஆடியிருந்தாலும் அந்தச் சீட்டோடு உள்ளே போயிருப்பாள், போய் விழுந்திருப்பாள். இதில் ஒரு கதாசிரியன் எங்கே கருத்து வைப்பான்?

பெக்சாத் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். "மன்னிச்சுக்குங்க தாத்தே."

"எதுக்கு? ஒழுங்காத்தானே ஆடினே." மிச்சமிருந்த குர்ட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. வெளியே வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

9

கார் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி முழுக்கக் கதகதப்பு. தௌலெத் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் ஏறினேன், அவள் முன்னால்.

"விழுந்துட்டேன்," என்றாள்.

"ம்."

வண்டி நகரவில்லை. ஏரிப் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

"ரௌஷான்," என்றான் தௌலெத். ஜானிம் இல்லை. மேடைக் குரலும் இல்லை. "நான் பொய் சொல்றேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் சீட்பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"எப்பவுமே தெரியுமா?"

இந்தக் கேள்வி சீட்டைப் பற்றியது அல்ல என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சொன்னால் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அந்த அடையாளத்தை அவன் நாளைக்கே மறைத்துக்கொள்வான். பிறகு அவளுக்கு எதுவும் தெரியாது, எல்லோரையும் போல அவளும் நம்பவேண்டியதுதான். சொல்லாவிட்டால், தன்னை எங்கிருந்து படிக்கிறாள் என்று தெரியாமலே அவன் அவளோடு கிடக்க வேண்டும்.

ரௌஷான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இறங்கிக்கோயேன்."

"வெளியவா? இந்தக் காத்துலயா?"

"இறங்கு."

கதை நடக்கும் ஒரே இடத்திலிருந்து கதாசிரியனை இறக்கிவிட்டார்கள். காது மடல் கழன்றுவிடும்போல இருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவள் வாய் அசைவது தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை. அவன் ஒருமுறை ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தான். சிரித்தானா அழுதானா என்று என்னிடம் கேட்காதீர்கள். பிறகு ஹாரன் அடித்தார்கள். ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பியது.

பாதி வழியில் சாலையோரம், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் சம்சாவுக்கு ஒரு கடை. தௌலெத் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"இங்க சம்சா பிரமாதமா இருக்கும். நேத்துதான் சாப்பிட்டேன். வாங்கவா?"

ரௌஷான் அவனைப் பார்த்தாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தாளே, அதே மாதிரி. நீண்ட நேரம்.

"இவனுக்கு வாங்கு," என்று என்னைக் காட்டினாள். "எனக்கு வேண்டாம்."

வாங்கினான். சாப்பிட்டேன். வாயில் வைக்க வழியில்லை. உள்ளே கொழுப்பும் வெங்காயமும், மாவு வேகவே இல்லை.

அவளுக்கு அந்தக் கடையை முன்பே தெரிந்திருக்கலாம். அல்லது அவளிடம் அந்த அடையாளம் இன்னும் பத்திரமாக இருக்கலாம். அல்லது சொல்லிவிட்டிருக்கலாம், அவன் அதற்குள் மறந்திருக்கலாம். மேல்மாடிக்குப் போய்க் கேட்டால் கதவைச் சாத்துகிறாள். எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் யாரோடாவது ஒரே வீட்டில் வாழ்கிறீர்கள் அல்லவா? மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சம்சாவுக்கு மட்டும் நான் சாட்சி.